ஸ்பீக்கர் மட்டும்தான் வரவில்லை

நம் சர்வீஸ் சென்டரில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என்னைப் பற்றி முதலாளி ஏற்கெனவே ஒரு கதை சொல்லியிருப்பார். நான் ஓய்வு பெற்றுப் போன பிறகும் யார் புதிதாக வந்தாலும் அதைத்தான் சொல்கிறாராம். "மேடம் கோர்ட்டுக்கே போயி, லேப்டாப்பை மூடி வெச்சிட்டு, வாயாலயே கேஸ் கட்டைப் படிச்சுக் காட்டி ஜெயிக்க வெச்சிட்டு வந்தாங்க" என்பார். எனக்கு மாலை போட்டு அனுப்பிய அன்றும் அதையே சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அடக்கம் இல்லை. நான் கோர்ட்டுக்குப் போனது உண்மை, படித்துக் காட்டியது உண்மை. அந்தக் கதையில் நான் மெச்சத்தக்க ஆள் என்பது மட்டும் பொய். உங்களிடம் நாலு வார்த்தை பேசச் சொல்லி அவரே கூப்பிட்டதால், நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த காலத்தில் கம்ப்யூட்டரைக் கழற்றும் பெண்ணை இந்த ஊரில் யாரும் பார்த்திருக்கவில்லை. பட்டுக்கடைக்காரர்கள் பில் போடும் மெஷினைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டு, "ஆள் யாரும் இல்லியாம்மா?" என்று என்னிடமே கேட்பார்கள். நான்தான் ஆள் என்று பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு சொல்லத் தேவையில்லாமல் போனது. தறிக்கு ஜக்கார்டு டிசைன் போடுகிறவர்கள், காலேஜ் ஆட்கள், ஆடிட்டர்கள் எல்லாம் நேராக என் மேசைக்கு வந்தார்கள். எனக்கு அதில் பெருமை உண்டு. கொஞ்சநஞ்சம் இல்லை, நிறையவே உண்டு. நடந்ததற்கு அந்தப் பெருமையும் ஒரு காரணம்.

பழைய விண்டோஸுக்கு இனி அப்டேட் வராது என்று ஆனபோது கடைக்கு வந்த கூட்டத்தைப் பற்றி நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். புது விண்டோஸ் அந்த லேப்டாப்புகளில் ஏறாது. தூக்கிப் போடவும் யாருக்கும் மனசு வராது. அப்படி வந்தவர்களுக்கெல்லாம் விண்டோஸுக்குப் பதிலாக, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைப் போட்டுக் கொடுத்தோம். அந்தச் சமயத்தில்தான் டேனியல் வந்தார். தென்னேரியிலிருந்து வந்து இங்கே ஆட்டோ ஓட்டுகிறவர். பையிலிருந்து ஒரு லேப்டாப்பை எடுத்து வைத்தார்.

"எங்க அக்காவோடது மேடம். வக்கீல். லினக்ஸ் போட்டுத் தரச் சொன்னாங்க. அவங்க பிரெண்டு ஒருத்தர் மெட்ராஸ்ல அதான் வெச்சிக்கினு இருக்கறாராம்."

"ஃபைலெல்லாம் வேணுமா?"

"எல்லாம் வேணும். அப்புறம் மெஷின் பேசணும் மேடம். தமிழ்ல பேசணும். அதான் முக்கியம்னு சொல்லச் சொன்னாங்க."

"பேசும் பேசும்" என்றேன். மெனு எல்லாம் தமிழில் வர வேண்டும் என்று கேட்கிறார் என எடுத்துக்கொண்டேன். வக்கீல், கீழ்க் கோர்ட்டில் எல்லாம் தமிழில் நடக்கிறது, அதனால் கேட்கிறார் போல என்று நானே ஒரு காரணமும் சேர்த்துக்கொண்டேன். மெஷின் பேசுவது என்றால் என்ன என்று அவரைக் கேட்க எனக்கு ஒரு நொடி போதும். கேட்கவில்லை. எனக்குத் தெரியாததா என்ற எண்ணம்.

ஃபைல்களை எடுத்து வைத்தேன், விண்டோஸை அழித்தேன், லினக்ஸைப் போட்டேன். போட்டு முடித்ததும் வைஃபை வரவில்லை. இது நீங்கள் தினமும் பார்க்கப் போகிற விஷயம்தான். லேப்டாப்புக்குள் இருக்கும் ஒவ்வொரு சிப்பையும் எப்படி வேலை வாங்குவது என்று சிஸ்டத்துக்குச் சொல்லித் தருவது டிரைவர். அந்த வைஃபை சிப்பின் டிரைவர் இந்த லினக்ஸில் இல்லை. டவுன்லோடு பண்ண நெட் வேண்டும், நெட் வர டிரைவர் வேண்டும். போனைக் கேபிளில் செருகி அதன் வழியாக நெட் எடுத்தேன். கிடைத்த முதல் டிரைவர் பொருந்தவில்லை, இரண்டாவதும் பொருந்தவில்லை. மதியம் முழுக்க அதோடு போராடி, கடைசியில் வைஃபை வந்தபோது பக்கத்து மேசைப் பையன்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். நான் காபி வரவழைத்துக் குடித்தேன்.

சத்தம் வரவில்லை என்பதை அதன் பிறகுதான் பார்த்தேன். ஒலி அமைப்பைத் திறந்தால் ஸ்பீக்கரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "போலி வெளியீடு" என்று இருந்தது. ஒலிச் சிப் இருப்பதே சிஸ்டத்துக்குத் தெரியவில்லை. கடையில் டெஸ்ட் பண்ண வைத்திருக்கும் யுஎஸ்பி ஹெட்செட்டைச் செருகிப் பார்த்தேன். அதில் சத்தம் வந்தது. அந்த வகை ஹெட்செட்டுக்குள்ளேயே தனி ஒலிச் சிப் உண்டு என்பதால் லேப்டாப்பில் இருப்பது செத்திருந்தாலும் அது பாடும். சரி, பெரிய கோளாறு ஒன்றும் இல்லை, இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். வைஃபையை ஜெயித்த களைப்பும் திருப்தியும் அப்படி.

சாயங்காலம் டேனியல் வந்தார். ஆட்டோவை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு வந்திருந்ததால் அவசரத்தில் இருந்தார்.

"எல்லாம் ஆயிடுச்சுபா. வைஃபைதான் படுத்திடுச்சு. ஸ்பீக்கர் மட்டும்தான் வரல. அடுத்த வாரம் கொண்டாங்க, பாத்துடலாம்."

"சத்தம் வராதா மேடம்?"

"கோர்ட்டுல உக்காந்துக்கினு அவங்க பாட்டா கேக்கப் போறாங்க?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "இல்ல மேடம், அக்காவுக்குச் சத்தம்தான்..." என்று ஆரம்பித்தார். அதற்குள் பின்னால் ஒரு டூரிஸ்ட் பஸ் ஹாரன் அடித்தது, ஆட்டோவை எடுக்கச் சொல்லி. என் மேசையில் போனும் அடித்தது. நான் போனை எடுத்தேன். அவர் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போனார். அந்த வாக்கியம் பாதியில் நின்றது. முடிக்க விட்டிருந்தால் உங்களிடம் சொல்ல எனக்குக் கதையே இருந்திருக்காது.

அன்று கடையை மூடிய பிறகு தெரியாத நம்பரிலிருந்து சில தடவை அழைப்பு வந்திருந்தது. கஸ்டமராக இருக்கும், காலையில் பேசிக்கொள்ளலாம் என்று விட்டேன். காலையில் கடை திறந்ததும் அதே நம்பர்.

"மேடம், நான் அட்வகேட் எஸ்தர் பேசறேன். டேனியல் அக்கா. மெஷின் பேசவே இல்ல மேடம். எல்லாக் கீயையும் அமுக்கிப் பாத்துட்டேன்."

"ஸ்பீக்கர்தானேம்மா? நான் தம்பிகிட்ட சொல்லி அனுப்பினேனே, அடுத்த வாரம்..."

"எனக்குக் கண்ணு தெரியாது மேடம்."

கையில் இருந்த கடைச் சாவியை மேசையில் வைத்தேன்.

"ஸ்கிரீன்ல இருக்கறத அதுதான் எனக்குப் படிச்சுச் சொல்லும். சத்தம் இல்லன்னா எனக்கு அது வெறும் பலகை. இன்னைக்கு எனக்கு ஹியரிங் இருக்குது. என் நோட்ஸெல்லாம் அதுல இருக்குது."

குரலில் கோபம் இல்லை. ஏற்கெனவே அழுது முடித்தவர் போலவும் இல்லை. ஒரு விஷயத்தை ஒழுங்காகச் சொல்லிப் புரியவைக்க வேண்டும் என்ற பொறுமை மட்டும் இருந்தது. வாழ்நாளெல்லாம் அப்படிப் புரியவைத்தே பழகியவரின் பொறுமை என்று இப்போது நினைக்கிறேன்.

டேனியல் ஆட்டோவோடு வந்தார். நான் பென் டிரைவ்களையும் சார்ஜரையும் என் போனையும் எடுத்துக்கொண்டு ஏறினேன். வழியில் டேனியல் திரும்பாமலே பேசினார். "நான் சரியா சொல்லல மேடம். எங்க வூட்ல அந்த வார்த்தைய யாரும் சொல்ல மாட்டோம். அக்காவுக்குப் பிடிக்காதுன்னு இல்ல, எங்களுக்கே வாயில வராது." தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். நான் மறுத்துச் சொல்லியிருக்க வேண்டும். "பரவால்லபா" என்றேன். அவரை நான் மன்னிப்பது போல.

கோர்ட் வளாகத்தில் வேப்பமரத்தடி பெஞ்சில் எஸ்தர் உட்கார்ந்திருந்தார். கறுப்புக் கோட்டு, மடித்த வெள்ளைக் கோல் மடியில். பக்கத்தில் ஓரிக்கையிலிருந்து வந்த செல்வி என்ற பெண், கூடையைக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு. கணவன் இறந்த பிறகு கணவனின் அண்ணன் தம்பிகள் அவரை வீட்டை விட்டு வெளியேற்றப் பார்க்கிறார்கள். வெளியேற்றக் கூடாது என்று எஸ்தர் வாங்கியிருந்த இடைக்காலத் தடை அன்றோடு முடிகிறது. நீட்டிக்காவிட்டால் அன்று மாலையே பூட்டுப் போட்டுவிடுவார்கள் என்று செல்வி பயந்துகொண்டிருந்தார். எதிர்த் தரப்பு போட்டிருந்த பதில் மனுவுக்கு ஒவ்வொரு பத்தியாக எஸ்தர் தயாரித்து வைத்திருந்த மறுப்பு, லேப்டாப்பில் இருந்தது.

வழக்கைக் காலையில் கூப்பிட்டபோதே எஸ்தர் எழுந்து, மதியத்துக்கு எடுத்துக்கொள்ளும்படி கேட்டு வாங்கியிருந்தார். அதுவரைதான் அவகாசம்.

"மேடம், ஆவுமா ஆவாதா? ஆவாதுன்னா இப்பவே சொல்லிடுங்க. நான் வேற வழி பாத்துக்கறேன்" என்றார்.

"ஆயிடும்மா" என்றேன்.

லேப்டாப்பை மடியில் வைத்து ஆரம்பித்தேன். ஒலிச் சிப்புக்கு ஒரு சின்னக் கோப்பு வேண்டியிருந்தது என்று பின்னால் தெரிந்தது. அப்போது அது தெரியாது. சிஸ்டத்தையே புதுப்பித்தால் எல்லாம் சேர்ந்து வந்துவிடும் என்று முடிவு செய்தேன். வளாகத்துக்குள் போன் சிக்னல் தேய்ந்து தேய்ந்து வந்தது. டவுன்லோடு பாதியில் நின்றது. மறுபடி ஆரம்பித்தேன். சார்ஜ் இறங்க ஆரம்பித்தது. ஜெராக்ஸ் கடைக்காரரைக் கெஞ்சி ஒரு பிளக் வாங்கி, பெஞ்சை விட்டு அங்கே போய் உட்கார்ந்தேன்.

கறுப்புத் திரையில் நான் கட்டளைகளை அடிப்பதைப் பார்க்க நாலைந்து இளம் வக்கீல்கள் சுற்றி நின்றார்கள். "மேடம் ஹேக்கர் மாதிரி பண்றாங்களே" என்றான் ஒருவன். சொல்லவே கூசுகிறது, ஆனால் சொல்கிறேன்: அது எனக்குப் பிடித்திருந்தது. அந்தப் பெண் மரத்தடியில் காத்துக்கொண்டிருக்க, எனக்கு அந்த வார்த்தை பிடித்திருந்தது. விரல்கள் இன்னும் வேகமாக ஓடின.

புதுப்பித்து, அணைத்து, திரும்பப் போட்டேன். சத்தம் இல்லை.

டேனியல் வந்து கேட்டுவிட்டுப் போனார். பிறகு செல்வியின் தோளைப் பிடித்துக்கொண்டு எஸ்தரே வந்தார். "மேடம், ஆவாதுன்னா சொல்லிடுங்கன்னு சொன்னேன்."

"இன்னும் கொஞ்சம்தான்மா. கிட்ட வந்துட்டேன்."

கிட்டவும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. ஆகாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சர்வீஸ்காரர்களாகிய நமக்கு இது ஒரு வியாதி. தெரியாது என்று சொன்னால் கஸ்டமர் போய்விடுவார் என்ற பயத்தில் ஆரம்பிக்கும். அப்புறம் அதுவே குணமாகிவிடும். அன்று நான் சொல்லாமல் விட்ட அந்த ஒரு வார்த்தையால் எஸ்தரின் காலைப் பொழுது மொத்தமும் போனது. லேப்டாப் என் மடியிலேயே இருந்ததால் டேனியல்கூட அதைப் பார்த்து அக்காவுக்குப் படித்துக் காட்ட முடியவில்லை.

மறுபடியும் எஸ்தர் வந்தார். இந்தத் தடவை கேட்கவில்லை.

"நிறுத்துங்க மேடம். ஃபைலைத் தொறந்து படிங்க."

"இல்லம்மா, இது ஒண்ணு மட்டும்..."

"படிங்க."

சுற்றி நின்றவர்கள் கலைந்தார்கள். நான் படித்தேன். அவர் தனக்காகச் சுருக்கி எழுதியிருந்த குறிப்புகள். எங்கே நிறுத்துவது, எது பத்தி எண், எது பக்க எண் என்று எனக்குத் தெரியவில்லை. தடுமாறினேன். "திரும்ப" என்பார். திரும்பப் படிப்பேன். "வேகமா படிங்க மேடம். மெஷின் இதைவிட நாலு மடங்கு வேகமா படிக்கும், எனக்கு அது பழக்கம்" என்றார். வேகமாகப் படித்தால் இன்னும் குழறியது. அவர் உதடு அசைய மனதில் வாங்கிக்கொண்டே வந்தார். செல்வி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். குறிப்புகள் முடிவதற்கு முன்பே வழக்கைக் கூப்பிட்டார்கள்.

நான் கோர்ட் ஹாலில் பின்வரிசையில் போய் உட்கார்ந்தேன். எஸ்தரின் முன்னால் மேசையில் லேப்டாப் மூடியிருந்தது. வழக்கமாக ஒரு காதில் இயர்போன் வைத்துக்கொண்டு, நீதிபதி கேட்கும் பக்கத்தைத் தானே தேடி எடுப்பாராம். அந்த இயர்போனுக்கும் லேப்டாப்பின் ஒலிச் சிப்தான் வேண்டும். போன் அந்த ஹாலில் யாரும் எடுக்கக் கூடாது. இந்த லேப்டாப்புக்கு மட்டும் அவருக்குத் தனியாக அனுமதி இருந்தது.

நன்றாகத்தான் வாதாடினார். காதில் வாங்கிய அளவுக்கு எதையும் விடவில்லை. பிறகு நீதிபதி கேட்டார்: "மனுதாரர் அந்த வீட்லதான் குடியிருக்காங்கன்னு எதிர்த் தரப்பே ஒத்துக்கிட்டதா சொல்றீங்க. எந்தப் பக்கம்?"

அது நான் படித்து முடிக்காத பகுதியில் இருந்தது.

"பதில் மனுவுல இருக்குது யுவர் ஆனர்" என்றார் எஸ்தர். "பக்கம்..." என்று நிறுத்தினார். கை மூடிய லேப்டாப்பின் மேல் போய் நின்றது.

அப்போது எதிர்த் தரப்பு வக்கீல் எழுந்தார். வயதானவர், சாது முகம். "யுவர் ஆனர், அம்மாவால படிக்க முடியாது. நானே படிச்சுக் காட்டறேன்" என்றார். தன் கட்டைப் புரட்டி, தன் கட்சிக்காரருக்கு எதிரான அந்த வரியை நிறுத்தி நிதானமாக, நல்ல உச்சரிப்பில் படித்தார். கெட்ட எண்ணம் இல்லை அவருக்கு. உதவி என்றே நினைத்தார். எஸ்தர் தலையைச் சாய்த்து அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். எதிராளி படித்துக் காட்டக் கேட்டுக்கொண்டு நின்றார்.

அந்த வரி அவர் காதில் மட்டும் விழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். காது என்று நினைத்ததும்தான் எனக்கு ஹெட்செட் ஞாபகம் வந்தது.

யுஎஸ்பி ஹெட்செட். நம் கடைக் கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறதே, அது. முந்தின நாள் நானே இதே லேப்டாப்பில் செருகிச் சத்தம் கேட்ட ஹெட்செட். காலையில் கிளம்பும்போது அதைத் தாண்டித்தான் வந்தேன். திரையைப் படிக்கும் குரல் லினக்ஸிலேயே உண்டு; டிரைவர் வேண்டாம், அப்டேட் வேண்டாம், செருகினால் போதும், அவருடைய மெஷின் அவரிடம் பேசியிருக்கும். நான் ஸ்பீக்கரைச் சரி பண்ணப் போயிருந்தேன். அவருக்கு வேண்டியிருந்தது ஸ்பீக்கர் இல்லை, சத்தம். அந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் இத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருந்திருக்கிறேன்.

எழுந்து வெளியே போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. உட்கார்ந்திருந்தேன்.

தடை நீட்டிக்கப்பட்டது. செல்வி வராந்தாவில் எஸ்தரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். வெளியே வந்த வக்கீல்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். எதிர்த் தரப்புப் பெரியவர், "இந்த நிலைமையிலயும் வந்து வாதாடறீங்களேம்மா, பெரிய விஷயம்" என்று சொல்லிவிட்டுப் போனார். யாரோ ஒரு பெண்மணி சத்தமாகவே "பாவம்" என்றார். எஸ்தர் எல்லோருக்கும் தலையசைத்தார். காலையில் ஜெராக்ஸ் கடையருகே நின்ற பையன் என்னிடம், "நல்ல காரியம் பண்ணீங்க மேடம்" என்றான்.

எல்லோரும் போன பிறகு எஸ்தர் என் பக்கம் திரும்பினார். "தேங்க்ஸ் மேடம். கடையை விட்டுட்டு வந்தீங்க."

சொல்லாமல் இருந்திருக்கலாம். அந்த ஹெட்செட் விஷயம் உலகத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அந்தத் தேங்க்ஸை வாங்கிக்கொண்டு என்னால் ஆட்டோவில் ஏற முடியவில்லை. சொன்னேன். ஆணியில் தொங்குவதை, முந்தின நாள் டெஸ்ட் பண்ணியதை, மறந்ததை, எல்லாம் சொன்னேன்.

அவர் கேட்டு முடித்தார். "உங்க கடை இங்கேருந்து எவ்ளோ தூரம்?"

"பக்கத்துலதாம்மா."

"டேனியல் காலைலேருந்து கேட்டாண்ட ஆட்டோவோட நின்னுக்கினு இருக்கறான்" என்றார்.

கேட் பக்கம் திரும்பிப் பார்த்தேன். ஆட்டோ அங்கேயே நின்றது.

"கேஸ் போயிருந்தாகூட அப்பீல் பண்ணியிருப்பேன் மேடம். நான் இந்தக் கோர்ட்டுக்கு வந்த நாள்லேருந்து எனக்கு யாரும் படிச்சுக் காட்டினது இல்ல. நானே எடுத்துப்பேன். கூட இருக்கறவங்க பாதிப் பேரு நான் எப்படிப் படிக்கறேன்னே யோசிச்சது கிடையாது. இன்னைக்கு எல்லாரும் பாத்துட்டாங்க." கோலைப் பிரித்தார். "இனிமே ஒவ்வொரு ஹியரிங்லயும் அந்த ஆளு எழுந்து, 'நான் படிச்சுக் காட்டட்டுமாம்மா'ன்னு கேப்பாரு. நல்ல மனுஷன் வேற. திட்டவும் முடியாது."

அன்று சாயங்காலமே லேப்டாப்பைச் சரி பண்ணினேன். எஸ்தரும் கூடவே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நல்ல நெட் இருந்ததால் எந்தக் கோப்பு இல்லை என்று கண்டுபிடிப்பது பெரிய வேலையாக இல்லை. அதை இறக்கி, இடத்தில் வைத்து, மெஷினை அணைத்துப் போட்டேன். ஸ்பீக்கரில் தமிழில் ஒரு குரல் வந்தது. எஸ்தர் உடனே லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்து, குரலின் வேகத்தை ஏற்றினார். எனக்கு ஒரு வார்த்தையும் புரியாத வேகம். அவர் விரல்கள் ஓட, அந்தக் குரல் ஓட, மறுப்புக் குறிப்புகளில் நான் குழறிய இடங்களையெல்லாம் அது தாண்டிப் போனது. கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் முதலாளிக்கு யார் மூலமோ விஷயம் போயிருந்தது, அரைகுறையாக. வந்ததும் என்னைக் கூப்பிட்டுப் பாராட்டினார். நான் அப்போதே திருத்தியிருக்க வேண்டும். "அப்படி ஒண்ணும் இல்ல சார்" என்று மட்டும் சொன்னேன். அதை அவர் அடக்கத்தில் சேர்த்துக்கொண்டார். அப்படித்தான் அந்தக் கதை கடைக்குள் வேர் விட்டது. கோர்ட்டில் பட்ட வெட்கம் ஒரு பங்கு என்றால், ஒவ்வொரு தடவை கை தட்டும்போதும் வாயை மூடிக்கொண்டு நின்றது இன்னொரு பங்கு.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டிய தொழில் விஷயம் கொஞ்சம்தான். பழைய சிஸ்டத்தை அழிப்பதற்கு முன் லினக்ஸைப் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். எது வரவில்லை என்பது அப்போதே தெரிந்துவிடும், திரும்பிப் போக வழியும் இருக்கும். வேலையில் ஒரு ஒழுங்கு வேண்டும் என்று நமக்குத் தெரியும். அன்று எனக்கும் தெரியும். நான் தவறியது அங்கே மட்டும் இல்லை. வைஃபை பெரிது, ஸ்பீக்கர் சின்னது என்று அந்த லேப்டாப்பைப் பார்த்து நான் முடிவு செய்தேன். எது பெரிது என்பது லேப்டாப்பில் எழுதியிருக்காது. அதை வைத்திருப்பவரைக் கேட்டால்தான் தெரியும். நெருக்கடி வந்த பிறகும், இவருக்கு இப்போது என்ன வேண்டும் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. இந்தக் கோளாறை நான் எப்படி ஜெயிப்பது என்றுதான் கேட்டுக்கொண்டேன். கேள்வி தப்பாக இருந்தால் எத்தனை வேகமாக விரல் ஓடினாலும் பிரயோஜனம் இல்லை.

எஸ்தர் இனி நம் கடைப் பக்கம் வர மாட்டார் என்றுதான் நினைத்தேன். நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு வந்தார். கூட அவர் வயதில் ஒருவர், சின்ன காஞ்சிபுரத்தில் ஸ்கூல் வாத்தியாராம். அவர் கையிலும் மடித்த கோல் இருந்தது, தோளில் லேப்டாப் பை. நான் எழுந்து, "வாங்கம்மா" என்றேன். எஸ்தர் என் குரலை வைத்து நேராக என் மேசைக்கு வந்தார்.

"இவர் மெஷினுக்கு லினக்ஸ் போடணும் மேடம். இவருக்கும் கண்ணு தெரியாது. முதல்லயே சொல்லிடறேன். நீங்க கேக்க மாட்டீங்க."

பக்கத்து மேசைப் பையன்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். குரலில் கேலி இல்லை, குத்தலும் இல்லை. பழைய மெஷினில் இருக்கும் ஒரு குறையைச் சொல்லிக் கொடுப்பது போல, உள்ளதைச் சொன்னார். அப்படிச் சொல்லிவிட்டும் என்னிடம்தான் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவர்கள் இருவரும் அதைப் பார்க்கப் போவதில்லை என்று ஒரு கணம் நினைத்து, அப்படி நினைத்ததற்கும் வெட்கப்பட்டேன்.

இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டேன். அவர்கள் உட்கார்ந்தார்கள். லேப்டாப்பைப் பையிலிருந்து எடுக்கப் போன வாத்தியாரை, "அது இருக்கட்டும் சார்" என்று நிறுத்தினேன்.

"காலைல எழுந்ததும் இதுல முதல்ல என்ன பண்ணுவீங்க? அதுலேருந்து சொல்லுங்க."

அவர் சொல்ல ஆரம்பித்தார். எஸ்தர் கோலை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, நான் குறுக்கே பேசுகிறேனா என்று காது கொடுத்துக் கவனித்துக்கொண்டிருந்தார்.